நெல்லில் ஜீன் சேர்ப்பதற்கு எதற்கு இத்தனை அனுமதி?

வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, நெல்லில் வறட்சி தாங்கும் ஜீன் ஒன்றைச் சேர்க்கும் வேலை, ஐ.பி.எஸ்.சி. அனுமதி வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள், நெற்பயிரால் யாருக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது, இதெல்லாம் வெறும் காகித வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேர்ந்த புதிதில் இப்படித்தான் நினைத்தேன். பிறகு பல வருடம் மரபணு மாற்றப் பயிர் ஆய்வகங்களில் வேலை பார்த்தேன், அதில் சில வருடம் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவில், அதாவது நீங்கள் சொல்லும் அதே ஐ.பி.எஸ்.சி.யில், உறுப்பினராகவும் இருந்தேன். இப்போது என் எண்ணம் வேறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோய் பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரிதான். நீங்கள் தினமும் கையாளப்போவது ஆய்வகத்துக்கென்றே பலவீனமாக்கப்பட்ட ஈ.கோலை பாக்டீரியா, செடியில் கட்டி உண்டாக்கும் ஜீன்கள் நீக்கப்பட்டு, நம் ஜீனைச் செடிக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம், அப்புறம் நெல் கேலஸ், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் நெல் திசுக்கட்டி. இவற்றால் உங்களுக்குக் காய்ச்சல்கூட வராது. மருத்துவ ஆய்வகத்தில் இருப்பவருக்கு ஒரு கிருமி தன் உடம்புக்குள் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயமே அவரை ஒழுங்காக வைத்திருக்கும். நமக்கு அந்தப் பயம் இல்லை, ஏனென்றால் நம் ஆய்வகத்தில் தப்பிப்போகிற பொருள் விதை. ஒரு நெல்மணி பேன்ட் மடிப்பில் ஒட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடும், எலி தூக்கிக்கொண்டு போகும், கதிரடித்த தார்ப்பாயின் ஓரத்தில் நாலு மணி தங்கிவிடும், அடுத்த போகத்தில் அதே தார்ப்பாயில் விதை உற்பத்திப் பிரிவின் நெல்லைக் கொட்டுவார்கள். கிருமியாவது வெயிலில் செத்துப்போகும். விதைக்குத் தண்ணீர் பட்டால் போதும், முளைக்கும், ஒன்று நூறாகும், யாருக்கும் காய்ச்சல் வராததால் யாருக்கும் தெரியாது.

இதற்கு நடந்த ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்கள் பயிரிலேயே. அமெரிக்காவில் லிபர்ட்டிலிங்க் 601 என்று ஒரு நெல், குளூஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றப்பட்டது. 1998 முதல் 2001 வரை சிறு அளவில் களச் சோதனை நடந்தது. அந்த இடங்களில் ஒன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம். நிறுவனம் அந்த நெல்லை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை, சோதனையை முடித்துக்கொண்டது, அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2006 ஆகஸ்டில், வணிகச் சந்தையில் உள்ள நீள்மணி அரிசியில் அந்த 601-ன் தடயம் இருப்பதாக அமெரிக்க வேளாண்துறை அறிவித்தது. தேடிப்பார்த்தால் அதே ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட, மரபணு மாற்றப்படாத, ஷெனியர் என்ற ரகத்தின் ஆதார விதையிலேயே, அதாவது விவசாயிக்கான விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதையிலேயே, அது கலந்திருந்தது. ஜப்பான் அமெரிக்க நீள்மணி அரிசியின் இறக்குமதியை நிறுத்தியது, ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொரு சரக்குக்கும் பரிசோதனைச் சான்று கேட்டன, அரிசி விலை சரிந்தது, சுமார் 11,000 விவசாயிகள் வழக்கில் சேர்ந்தார்கள், கடைசியில் 2011-ல் அந்த நிறுவனத்தை இடையில் வாங்கியிருந்த பேயர் 75 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது.

அந்த அரிசியால் உடல்நலக் கேடு இல்லை என்றுதான் அந்த நாட்டு அரசு சொன்னது. யாரும் நோயில் விழவில்லை. ஆனாலும் இத்தனையும் நடந்தது. ஓர் ஆண்டுக்கும் மேல் விசாரித்தும் விதை எப்படிக் கலந்தது என்று அதிகாரிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகரந்தம் பறந்ததா, விதை மூட்டை மாறியதா, கதிரடிக்கும் இயந்திரத்தில் தங்கியதா, எதற்கும் போதுமான பதிவேடு இல்லை, எடுத்துவைத்த விதை மாதிரியும் போதவில்லை. நீங்கள் காகித வேலை என்று சொன்னீர்களே, அந்தக் காகிதம் இல்லாமல்போனதுதான் அங்கே பிரச்சினை.

நம் ஊரில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். பிகானேரி நர்மா பி.டி. பருத்தி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. பி.டி. என்றால் புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் ஜீன் சேர்த்தது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, அரசுப் பணத்தில் உருவாக்கிய பி.டி. பருத்தி. அது வீரிய ஒட்டுரகம் இல்லை, சாதாரண ரகம், விவசாயி தன் விதையைத் தானே எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாம், விலையும் குறைவு. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இப்போது சொன்னால் புரியாது. பி.டி. பருத்தி என்றாலே தனியார் ஒட்டுரக விதைப் பாக்கெட்தான் என்று ஆகிப்போயிருந்த காலம் அது. 2009-ல் விவசாயிகள் கைக்கு விதை வந்தது, கொஞ்ச நாளிலேயே விற்பனையை நிறுத்தினார்கள். காரணம், மான்சான்டோ நிறுவனத்தின் மான்531 என்ற ஈவென்ட், அதாவது அவர்கள் ஜீன் சேர்த்து உருவாக்கிய குறிப்பிட்ட மாற்றம், அந்த விதையில் இருப்பது தெரியவந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் விஞ்ஞானி சோபோரி தலைமையில் ஒரு குழு அமைத்தது, 2012-ல் அறிக்கை வந்தது, மான்531 இருந்தது உண்மைதான் என்றானது. ஓர் ஆய்வகத்தின் விதைப் பையில் எந்த ஈவென்ட் இருக்கிறது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் சோதித்து எழுதிவைக்கிற பழக்கம் கறாராக இருந்திருந்தால் இது தொடக்கத்திலேயே பிடிபட்டிருக்கும் என்பது என் எண்ணம். பல வருட உழைப்பு போயிற்று. விதைக்காகப் பையைத் திறந்து காத்திருந்த சிறு விவசாயிக்கு அது போனதே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

சரி, இந்த அமைப்பு எப்படி வந்தது, யார் யாருக்கு என்ன வேலை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் அமெரிக்க விஞ்ஞானி பால் பெர்க்கும் சக விஞ்ஞானிகளும் சிலவகை மறுசேர்க்கை டி.என்.ஏ. சோதனைகளை, அதாவது ஓர் உயிரியின் டி.என்.ஏ.வை இன்னொன்றோடு இணைக்கும் சோதனைகளை, கொஞ்ச காலம் நிறுத்திவைப்போம் என்று தாங்களாகவே கடிதம் எழுதினார்கள், 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலமாரில் கூடிப் பேசினார்கள், 1976-ல் அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) நெறிமுறை வந்தது. அப்போது செடிக்குள் ஜீனைச் செலுத்தவே முடியாது, 1983-ல்தான் முதல் மரபணு மாற்றச் செடி உருவானது, அதனால் எல்லாமே பாக்டீரியாவை மனதில் வைத்து எழுதியவை. இந்தியாவில் போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன்கீழ் 1989 டிசம்பர் 5 அன்று மரபணு மாற்ற உயிரிகளுக்கான விதிகளை அறிவித்தார்கள். நீங்கள் நிரப்புகிற படிவத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த விதிகளின்படி உங்கள் நிறுவனத்துக்குள் ஐ.பி.எஸ்.சி. அதற்கு மேலே டெல்லியில் உயிரித்தொழில்நுட்பத் துறையின்கீழ் மரபணு மாற்ற மறுஆய்வுக் குழுவான ஆர்.சி.ஜி.எம். ஆய்வகத்தையும் சிறு களச் சோதனையையும் பார்ப்பது அது. அதற்கும் மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவான ஜி.இ.ஏ.சி., திறந்த வெளியில் விடுவது பற்றிய முடிவு அங்கே. மாநிலத்துக்கு ஒரு ஒருங்கிணைப்புக் குழு, மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையில் ஒரு குழு என்றும் விதியில் இருக்கிறது. உங்கள் சோதனையின் ஆபத்து குறைவு என்றால் ஐ.பி.எஸ்.சி.க்குத் தகவல் தெரிவித்தால் போதும், அடுத்த படியில் அதன் முன் அனுமதி வேண்டும், அதற்கும் மேல் போனால் ஆர்.சி.ஜி.எம். அனுமதியும் வாங்கித்தான் தொடங்க வேண்டும். களத்துக்குப் போகும்போது முதல் கட்டத்தில் ஓர் இடத்துக்கு ஒரு ஏக்கருக்கு மேல் கூடாது, அடுத்த கட்டத்தில் இரண்டரை ஏக்கர்.

ஜி.இ.ஏ.சி. பற்றித்தான் எப்போதும் செய்தி. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்குச் சரி சொன்னது, 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தது, 2022-ல் டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றக் கடுகு, அதன் மேல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு என்று. பி.டி. கத்தரியில் நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, எம்.டி.யூ. 1, பி.எல்.ஆர். 1 மாதிரியான ரகங்களும் இருந்தன என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் நான் பார்த்தவரை டெல்லியில் உட்கார்ந்து யாரும் ஒரு விதையைக்கூட நிறுத்த முடியாது. 2001-ல் குஜராத்தில் நவ்பாரத் 151 என்ற பருத்தியில் பி.டி. ஜீன் இருப்பதைக் கண்டுபிடித்தபோது அது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் காய் வெடித்து நின்றது, அனுமதி பெற்ற முதல் பி.டி. பருத்தியோ 2002 மார்ச்சில்தான் வந்தது. எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள், விதை அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. விதை நிற்கிற ஒரே இடம் அது முதன்முதலில் உண்டான கட்டடம். அந்தக் கட்டடத்துக்குள் சட்டப்படி இருக்கிற ஒரே ஆள் ஐ.பி.எஸ்.சி. அதனால்தான் இந்தச் சின்னக் குழுவை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

வேளாண் கல்லூரி வளாகத்தில் இது ஏன் இன்னும் கஷ்டம் என்று சொல்கிறேன். ஒரே வளாகத்தில் மரபணு மாற்றமும் நடக்கிறது, வழக்கமான பயிர்ப் பெருக்கமும் நடக்கிறது, விவசாயிக்குப் போகும் ஆதார விதை உற்பத்தியும் நடக்கிறது. குளிர்பதன அறை ஒன்றுதான். களம் ஒன்றுதான். தினக்கூலிக்கு வருகிற அம்மாக்கள் காலையில் உங்கள் வலைக்குடிலில் களை எடுப்பார்கள், மதியம் விதைப் பண்ணைக்குப் போவார்கள், அவர்களிடம் எது மரபணு மாற்றச் செடி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போவார், அவருடைய ஃப்ரீசர் பெட்டிகள் இருக்கும். ப்ராஜெக்ட்டில் வந்த பிள்ளைகள் இரண்டு மூன்று வருடத்தில் வேறு இடம் போய்விடுவார்கள், அவர்களுக்கு மட்டுமே புரிகிற சுருக்கெழுத்தில் கவர்கள் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இப்படித்தான் ஒன்று நடந்தது. ஒரு மாணவர் படிப்பை முடித்துப் போன பிறகு அவருடைய அலமாரியைத் திறந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட பழுப்புக் கவர்கள், சிலவற்றில் "டி2 நல்லது" என்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது (டி2 என்பது ஜீன் சேர்த்த செடியின் இரண்டாம் தலைமுறை). எது மாற்றியது, எது மாற்றாத தாய் ரகம், ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கவரிலும் விதை எடுத்து முளைக்கவைத்து, ஜீன் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை போட்டுப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. அதில் ஒரு கவரைக் காணோம் என்பது கடைசியில்தான் புரிந்தது. அறையை ஒழுங்குபடுத்தியவர் நல்லெண்ணத்தில் அதைப் பயிர்ப் பெருக்கப் பிரிவின் தட்டில் அடுக்கிவிட்டிருந்தார். விதைப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. எடுத்துச் சோதித்தோம், ஜீன் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆய்வகத்துக்கு ஐ.பி.எஸ்.சி. அனுமதி முறையாக இருந்தது, கூட்டக் குறிப்பு இருந்தது, ஆண்டறிக்கை போயிருந்தது, ஆனால் குழுவில் ஒருவர்கூட அந்த அலமாரியைத் திறந்து பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அதனால் குழுவின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனத் தலைவரோ அவர் நியமித்தவரோதான் குழுவுக்குத் தலைவர், உறுப்பினர்களில் பாதிப்பேர் அதே கட்டடத்தில் மரபணு மாற்ற ஆய்வு செய்கிறவர்கள், இன்றைக்கு நான் உங்கள் திட்டத்தைப் பார்க்கிறேன், நாளைக்கு நீங்கள் என்னுடையதைப் பார்ப்பீர்கள். மருத்துவம் படித்த ஒருவர் உயிரிப் பாதுகாப்பு அலுவலராக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு நிபுணர், உயிரித்தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர். வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது நடக்க வேண்டும். நடக்கும். முப்பது திட்டத்தை ஒரு மதியத்தில் பார்த்துவிட்டு டீ குடித்துக் கலைந்த கூட்டத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்க நெறிமுறையில் குழுவில் குறைந்தது இரண்டு பேர் அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, சுற்றுவட்டார மக்களின் நலனைப் பார்க்கிறவர்களாக இருக்க வேண்டும், குழுவின் முன் அனுமதி தேவைப்படும் செடிச் சோதனைகள் நடக்கும் இடம் என்றால், மாற்றிய செடியை வெளியே போகாமல் அடக்கிவைக்கும் முறை தெரிந்த ஒருவரும் வேண்டும் என்று இருக்கிறது. நம் வேளாண் நிறுவனங்களில் பக்கத்து ஊர் விதை விவசாயி ஒருவரைக் குழுவில் சேர்த்தால் போதும், அவர் கேட்கிற முதல் கேள்வி "அறுத்த வைக்கோலை எங்கே போடுறீங்க" என்பதாகத்தான் இருக்கும், அந்தக் கேள்வியை நாங்கள் வருடக்கணக்கில் ஒருவரையொருவர் கேட்டதில்லை.

பயிரைப் பொறுத்தும் நிறைய மாறும், இது படிவத்தில் வராது. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், மகரந்தம் சில நிமிடத்தில் செத்துவிடும், அதனால் மகரந்தத்தைவிட மணிக்குத்தான் பயப்பட வேண்டும். ஆனால் குளக்கரையிலும் வாய்க்காலிலும் காட்டு நெல் இருக்கிற நாடு இது, பூக்கும் நேரத்தில் பக்கத்தில் அது நிற்கிறதா என்று பார்க்காமல் இருக்கக் கூடாது. மக்காச்சோளம் என்றால் காற்று. கடுகு என்றால் தேனீ, அதோடு மண்ணில் விழுந்த விதை சில வருடம் கழித்தும் முளைக்கும். 2002-ல் அமெரிக்காவில் மருந்துப் புரதத்துக்காக மாற்றிய மக்காச்சோளம் அடுத்த போகத்தில் சோயா வயலில் தானாக முளைத்து, அறுவடையில் கலந்து, சுமார் 5 லட்சம் புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) சோயாவை அழிக்க வேண்டியதாயிற்று. சோதனை முடிந்த வயலை அடுத்த போகத்திலும் போய்ப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது பிள்ளைகள் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒரு விஷயம், ஜீனோம் எடிட்டிங், அதாவது செடியின் சொந்த ஜீனையே குறிப்பிட்ட இடத்தில் திருத்துவது; அதற்கான கருவிதான் கிரிஸ்பர். கிரிஸ்பர் போட்டால் அனுமதியே வேண்டாமாமே என்று கேட்கிறார்கள். 2022 மார்ச் 30 அன்று வந்த உத்தரவு எஸ்.டி.என்.-1, எஸ்.டி.என்.-2 வகைச் செடிகளுக்கு, அதாவது இப்படிச் சொந்த ஜீனில் சிறு திருத்தம் மட்டும் செய்த செடிகளுக்கு, 1989 விதிகளின் 7 முதல் 11 வரை விலக்குக் கொடுத்தது, உண்மைதான். 2025 மே மாதம் அறிவித்தார்களே, சம்பா மசூரியிலிருந்து வந்த ‘டி.ஆர்.ஆர். தான் 100 (கமலா)’, எம்.டி.யூ. 1010-லிருந்து வந்த ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ என்ற நெல் ரகங்கள், இரண்டும் இந்த வழியில் வந்தவை. ஆனால் விலக்கு, வெளி டி.என்.ஏ. எதுவும் மிச்சமில்லாத செடிக்கு மட்டும். அக்ரோபாக்டீரியம் வழியாக காஸ்9 என்ற வெட்டும் புரதத்தின் ஜீனைப் போட்டு நீங்கள் எடுக்கிற முதல் தலைமுறைச் செடிக்குள் காஸ்9 இருக்கும், ஜீன் ஏறிய செல்களைப் பிரித்தெடுக்கச் சேர்த்த, ஹைக்ரோமைசின் மருந்தைத் தாங்கும் ஜீன் இருக்கும், அது முழுக்க முழுக்க மரபணு மாற்றச் செடிதான், வலைக்குடிலைத் தாண்டக் கூடாது. அடுத்த தலைமுறைகளில் பிரிந்து, எல்லாம் கழிந்துபோன செடியைத் தேர்ந்தெடுத்து, கழிந்துபோனதற்கு ஆதாரத்தை வைக்க வேண்டியது எந்தக் குழு முன்னால் என்று நினைக்கிறீர்கள்? அதே ஐ.பி.எஸ்.சி. முன்னால்தான். ஜி.இ.ஏ.சி. பார்க்காத செடியை இனிமேல் உங்கள் கட்டடத்தில் உள்ள பத்துப் பேர் பார்த்துச் சொல்வதுதான் கடைசி வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. குழுவின் பொறுப்பு முன்பைவிட ஏறியிருக்கிறது, பயிற்சி அந்த அளவுக்கு ஏறவில்லை என்பது என் கவலை.

இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கிற நண்பர் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறு செடியின் விதையைக் கடித உறையில் போட்டு அனுப்புகிறேன் என்பார். வாங்காதீர்கள். மரபணு மாற்ற விதை எதுவானாலும் முன் அனுமதியோடு, டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகம் (என்.பி.பி.ஜி.ஆர்.) வழியாகத் தாவரத் தடுப்புக்காப்பு முடிந்துதான் வர வேண்டும். நல்ல மனதோடு செய்வார்கள், ஆனால் சட்டப்படி குற்றம், வந்த விதையோடு என்ன வந்தது என்றும் தெரியாது.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜீனைச் சுமந்துபோகும் டி.என்.ஏ.வான வெக்டரின் வரைபடத்தைச் சரிபாருங்கள், எந்த ஜீன், எந்த உயிரியிலிருந்து, அதை இயக்கும் ப்ரமோட்டர் எது, ஜீன் ஏறிய செல்லைப் பிரித்தெடுக்கும் தேர்வு ஜீன் எது என்று எழுதிவைத்தால் படிவத்தில் பாதி முடிந்துவிடும். தாய் ரகத்தில் கேலஸ் எடுத்துப் பழகுங்கள், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கழிவை நீராவியில் கொல்லும் ஆட்டோகிளேவ் ஒழுங்காக 121 டிகிரி செல்சியஸ் எட்டுகிறதா என்று பாருங்கள். சூட்டைக் காட்ட ஒட்டும் டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்று விட்டுவிடாமல், வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உள்ள குப்பி ஒன்றை மூட்டையின் நடுவில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் மண்ணும் செடியும் அடைத்த பெரிய மூட்டையின் நடுப்பகுதி சூடேறாமலேயே வெளியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். வலைக்குடிலில் எலி நுழைகிற ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் வலை இருக்கிறதா, அது போய்ச் சேர்கிற வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது, நடந்து போய்ப் பாருங்கள். அங்கே வேலை செய்கிற அக்காக்களிடம் இது என்ன செடி, ஏன் ஒரு கதிரைக்கூட வீட்டுக் கோழிக்கு எடுத்துப் போகக் கூடாது என்று உட்கார்ந்து பேசுங்கள். சொன்னால் அவர்கள் நம்மைவிடக் கறாராக இருப்பார்கள்.

அப்புறம் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண், அதிலிருந்து எத்தனை கதிர், எத்தனை மணி எடுத்தேன், எத்தனை விதைத்தேன், எத்தனை அழித்தேன், மிச்சம் எந்தப் பூட்டிய டப்பாவில் இருக்கிறது, சாவி யாரிடம். எடுத்ததும் விதைத்ததும் அழித்ததும் மிச்சமும் கூட்டினால் மணி கணக்கில் பொருந்த வேண்டும். நீங்கள் படித்து முடித்துப் போகும்போது அந்த நோட்டை அடுத்து வருகிறவர் கையில் கொடுத்து, டப்பாவை அவர் முன்னால் திறந்து எண்ணிக் காட்டிவிட்டுப் போங்கள்.